இருபத்திரண்டு வயலுக்கு ஓர் இலை

சுவரில் விழுந்த வரைபடத்தில் இருபத்திரண்டு சிவப்புப் புள்ளிகள் இருந்தன. குடைக்காரி அவற்றை இரண்டு முறை எண்ணினாள். எண்ணுவதால் ஒன்றும் குறையப்போவதில்லை என்று தெரிந்தேதான் எண்ணினாள். வாய்க்கால் வளைகிற இடத்தில் இருந்த புள்ளி அவளுடையது. அதை ஒட்டி இருந்தது அவள் ஓரகத்தியுடையது.

படம் தெளிவாகத் தெரியட்டும் என்று பயிற்சிக் கூடத்தின் ஜன்னல்களைச் சாத்தியிருந்தார்கள். மின்விசிறி சுற்றியும் புழுக்கம் போகவில்லை. பின்சுவரை ஒட்டிய பலகையில் பயிற்சிக்கென்று கொடுத்த செல்போன்கள் வரிசையாகச் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தன. வெளியே ஒரு டிராக்டர் என்ஜினை அணைக்காமல் நின்றது. அந்தச் சத்தம் நாற்காலியின் கால் வழியாக ஏறி அவள் முதுகுத்தண்டில் வந்து உட்கார்ந்தது.

"பத்து வயலுக்கு மேல நோய் வந்துட்டா ஒவ்வொண்ணா பாக்க மாட்டோம். மொத்தப் பகுதியையும் அழிச்சிடணும், அதான் உத்தரவு," என்றார் பயிர்ப் பாதுகாப்பு அதிகாரி. பெண்கள் தங்களுக்குள் அவரைப் பூச்சி ஆபீசர் என்பார்கள். இன்றைக்கு அந்தப் பேரைச் சொல்லிச் சிரிக்க யாருக்கும் தோன்றவில்லை. "இருபத்திரண்டு பேரும் அனுப்பின போட்டோவுல இலைச்சுருள் நோய்தான் இருக்கு. மருந்தடிக்கிற ஆளுங்க வந்தாச்சு. பின்னாடியே டிராக்டர் இறங்கும்."

"இறங்கும்னா? தக்காளி பழுக்க இன்னும் இருபது நாள்கூட இல்லையே சார்!" என்றாள் பட்டாசு. வாயைத் திறந்தால் வெடிக்காமல் மூடத் தெரியாது என்பதால் அவளுக்கு அந்தப் பேர்.

"பழுக்கிற வரைக்கும் விட்டா வாய்க்காலுக்கு அந்தப்பக்கம் இருக்கிற முந்நூறு வயலும் போயிடும். நோயைத் தூக்கிட்டுப் பறக்கிற வெள்ளை ஈக்கு வரப்பு, வாய்க்கால்லாம் ஒரு கணக்கா?"

"எங்க வயலுக்கு வந்து பாருங்க சார். ஒரு செடிகூடச் சுருளல. பச்சைப் பசேல்னு நிக்குது."

"நோய் ஏறி ரெண்டு வாரம் ஆனப்பறம்தான் இலையில காட்டும். இப்ப பச்சையா இருக்கிறது சாட்சியே இல்ல. நீங்களே எடுத்து அனுப்பின போட்டோதான் சாட்சி."

டீச்சர் மடிக்கணினியின் பக்கத்தில் நின்று தன் விரல் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் குரல்தான் நாலு மாதமாக ஒவ்வொரு விடியலிலும் இருபத்திரண்டு செல்போன்களில் பேசுகிறது. இன்றைய பாடம், இன்றைய வேலை, பச்சைப் பொத்தானை அழுத்துங்கள், நன்றி அக்கா. வேலையை முடித்துப் படம் அனுப்பினால் திரையில் ஒரு நட்சத்திரம் விழும். மற்ற ஊர்களில் பாதிப் பேர்கூட முடிக்காத பயிற்சியில் இந்தக் கூடம் மட்டும் நூற்றுக்கு நூறு. அதற்காக மேலிடத்திலிருந்து டீச்சருக்குப் பாராட்டுகூட வந்திருந்தது.

அந்த நூற்றுக்கு நூறு எப்படி வந்தது என்பது அறையில் இருந்த எல்லாப் பெண்களுக்கும் தெரியும். ஏழாம் பாடம் இலையைப் பார்த்து நோயை அறிவது. அவரவர் வயலில் சந்தேகமான ஓர் இலையைக் கண்டுபிடித்து, அங்கேயே நின்று படம் எடுத்து அனுப்ப வேண்டும். மூன்று நாள் விடாத மழை. யாரும் வயலுக்குப் போகவில்லை. நான்காம் நாள் வகுப்புக்கு எல்லாரும் வெறுங்கையோடு வந்தபோது டீச்சரின் மேசைமேல் பிரித்த செய்தித்தாளில் ஓர் இலை கிடந்தது. விளிம்பு மேல்நோக்கிச் சுருண்டு, நரம்பு தடித்து, பாடத்தில் சொன்னது போலவே அச்சு அசலாக. "யாரோ புண்ணியவதி கொண்டாந்திருக்கா. வரிசையா வாங்கடி," என்று கூப்பிட்டவள் பட்டாசுதான். எல்லார் கைக்கும் போய்வந்தது அந்த இலை. எங்கே நின்று எடுத்தாலும், படம் அவரவர் பெயரில் பதிந்த வயலுக்கே போய்ச் சேரும் என்பதை அன்று யாரும் யோசிக்கவில்லை.

அது யாருடைய இலை என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. குடைக்காரிக்குத் தெரியும்.

அன்று காலை எல்லாருக்கும் முன்னால் வந்து, தன் வயலில் கிள்ளிய இலையைச் செய்தித்தாளில் மடித்து டீச்சரின் மேசையில் வைத்தவள் அவள். டீச்சர் வந்ததும் தனியாகக் காட்டி, இது அதுதானா என்று கேட்டுவிடலாம் என்றுதான் வைத்தாள். வைத்த கையோடு பயமும் வந்தது. சேற்றுக் கையைக் கழுவுகிற சாக்கில் பின்பக்கம் போய்க் குழாயடியில் நெடுநேரம் நின்றாள். திரும்பி வந்தபோது இலை ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. தன் முறை வந்தபோது அவளும் ஒரு படம் எடுத்தாள். தன்னிடம் மட்டும் இருந்த ஒரு கெட்ட செய்தியை இருபத்திரண்டு பேரும் சேர்ந்து தூக்கிக்கொண்டது போல அப்போது மனசு லேசானது. அந்த லேசுக்காக இப்போது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

வயல் என்று சொல்வதற்கும் பெரிதாக ஒன்றுமில்லை. அகலம் பதினெட்டு வரிசை, நீளம் வாய்க்கால் வரை. அவள் கணவன் லாரியோடு போனால் மாதக்கணக்கில் வரமாட்டான். நிலம் முழுக்க அவன் அண்ணன் கையில்தான் இருந்தது. அந்த ஒரு துண்டை மட்டும் தன் கையில் விடுங்கள் என்று அவள் கேட்டபோது மூத்தார் சிரித்தார். அவள் குடையைப் பார்த்துத்தான் சிரித்தார். வெயில் தாங்காத நெற்றிவலிக்காக அவள் குடையோடுதான் களை எடுப்பாள். "குடை பிடிச்சுக்கிட்டு விவசாயமா?" என்றார். அவர் மனைவிதான், அவளுடைய ஓரகத்திதான், அடுப்படியிலிருந்து வெளியே வந்து, "ஒரு சீசன் பாருங்களேன். கெட்டா என்னைக் கேளுங்க," என்றாள். ஒரு சீசன் என்று பேச்சு முடிந்தது. கெட்டால் துண்டு திரும்பிப் போய்விடும்.

அதனால்தான் முதல் சுருளைக் கண்ட அன்றைக்கு அவள் அதை வெயிலின் குற்றம் என்று நினைத்துக்கொண்டாள். மழை பிடித்ததும் மழையின் குற்றம்.

"சார்," என்றாள் பட்டாசு. இந்தமுறை குரல் வெடிக்கவில்லை. "ஒண்ணு சொல்றேன், திட்டக் கூடாது. அது எல்லாம் ஒரே இலை."

"என்னது?"

"எல்லாப் போட்டோவும் ஒரே இலை சார். நாங்க யாரும் வயலுக்குப் போகல. இந்த மேசைமேல வச்சு எடுத்தோம். வேணும்னா பெருசு பண்ணிப் பாருங்க. நுனிப்பக்கம் புழு கடிச்ச ஓட்டை ஒண்ணு இருக்கும், பிறைநிலா மாதிரி."

அதிகாரி மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினார். ஒரு படம். அடுத்த படம். அதற்கடுத்தது. சுவரில் பெரிதாகிப் பெரிதாகி அதே ஓட்டை வந்தது. ஒன்றில் பக்கத்தில் யாருடைய கட்டைவிரலோ, ஒன்றில் தேநீர்க் கோப்பையின் விளிம்பு. ஆறாவது படத்தோடு நிறுத்திவிட்டு டீச்சரை நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க இதைப் பாக்கவே இல்லையா?"

"முடிச்சாங்களா இல்லையான்னு மட்டும்தான் சார் பாத்தேன்." டீச்சர் தலையை நிமிர்த்தினாள். "எனக்கும் தெரியும் சார். நானும் இந்த ரூம்லதான் இருந்தேன்."

அந்த ஒரு வார்த்தையில் தன் வேலையை அவளே கழற்றி மேசைமேல் வைத்துவிட்டாள் என்று குடைக்காரிக்குத் தோன்றியது. இருபத்தைந்து வயதுகூட இருக்காது. அவளுக்கு இருக்கிற தைரியம் தனக்கு இல்லையே என்று நினைத்தாள். நினைத்தும் உட்கார்ந்தே இருந்தாள்.

"சரி," என்றார் அதிகாரி. "ஒரே இலை. ஆனா அந்த இலை வானத்துலேருந்து விழல. ஒரு வயல்லேருந்து வந்திருக்கு. அது எந்த வயல்? அதைக் காட்டுங்க, டிராக்டரைத் திருப்பி அனுப்பறேன். காட்டலன்னா உங்க இருபத்திரண்டுல எதுன்னு எனக்குத் தெரியாது. அப்ப இருபத்திரண்டும் போகும். அரைமணி நேரம் தரேன்."

சொல்லிவிட்டு அவர் வெளியே போனார். டிராக்டர் என்ஜின் நின்றது. சத்தம் இருந்தபோதைவிட அது நின்றபோதுதான் பயமாக இருந்தது.

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"எவடி வச்சது? சொல்லித் தொலைங்க."

"என் வயல்ல ஒண்ணும் இல்லம்மா. பிள்ளைங்க மேல சத்தியம்."

"பிள்ளைங்கள ஏன் இழுக்கற, உன் மேல சத்தியம் பண்ணு."

"அன்னிக்குக் கூடத்தோட சாவி யார்கிட்ட இருந்துச்சு?" என்று கேட்டாள் பட்டாசு.

ஓரகத்தியின் பக்கம் எல்லாத் தலைகளும் திரும்பின. சாவி அந்த வாரம் அவளிடம்தான் இருந்தது. அவள் வந்து திறந்துவிட்டு, பக்கத்துத் தெருவுக்குக் குடிதண்ணீர்க் கேன் சொல்லப் போன இடைவெளியில்தான் குடைக்காரி உள்ளே வந்து செய்தித்தாளை வைத்தாள். அது இரண்டு பேருக்கு நடுவில் நடந்த ஐந்து நிமிடம். ஒருத்திக்கு மட்டுமே தெரிந்த ஐந்து நிமிடம்.

"சாவி இருந்தா இலையும் என்னுதா?" என்றாள் ஓரகத்தி. அவள் நிதானமான ஆள். அவசரத்தில் உப்பைக்கூடக் கூட்டிப் போடமாட்டாள். "நான் திறந்து வச்சிட்டுத் தண்ணி சொல்லப் போனேன்."

"முதல்ல உள்ள வந்தது நீதானேக்கா?"

"வந்தேன். மேசைமேல ஒண்ணும் இல்ல அப்ப."

"நீ சொல்றதுதான். வேற யாரு பாத்தா?"

"எட்டு வருஷமா பக்கத்துப் பக்கத்துல உக்காந்து களை பிடுங்கறோம். என் வாயில பொய் வந்து பாத்திருக்கியா நீ?"

"பயம் வந்தா பொய்யும் வரும்க்கா," என்றாள் பட்டாசு. அவள் கண் கலங்கியிருந்தது. அவள் வயல்தான் வாய்க்காலின் தலைமாட்டில் முதலாவது. டிராக்டர் இறங்கினால் முதலில் அதில்தான் இறங்கும். "எனக்கு உன்மேல கோவம் இல்ல. ஒரு வார்த்த சொல்லிடு. ஒண்ணு போனா மத்தது நிக்கும். நாங்க எல்லாரும் கூட நிப்போம்."

"இல்லாததை எப்படிச் சொல்றது?"

"அப்ப எல்லாரும் நாசமாப் போவோம், அதானே?"

வாசலில் அதிகாரி வந்து நின்றிருந்தார். எவ்வளவு கேட்டார் என்று தெரியவில்லை. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். "அம்மா, உங்க வயல் நம்பர் என்ன?" என்று ஓரகத்தியைக் கேட்டார்.

ஓரகத்தி திரும்பிக் குடைக்காரியைப் பார்த்தாள். சந்தேகப்பட்டு இல்லை. சாட்சிக்குக் கூப்பிடுகிற பார்வை. என் வயலை நீ தினம் பார்க்கிறாயே, சொல்லேன், என்கிற பார்வை. அந்தப் பார்வையில் கள்ளம் துளியும் இல்லாததுதான் தாங்க முடியாததாக இருந்தது.

குடைக்காரி எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. எல்லாரும் அவளையே பார்த்தார்கள். தன் பதினெட்டு வரிசையும் மனசுக்குள் ஒருமுறை நடந்துபோயின. ஊன்றிய குச்சிகள், கட்டிய கயிறுகள், பச்சை வெளுக்கத் தொடங்கியிருந்த காய்கள்.

"என்னுது," என்றாள். "நான்தான் வச்சேன். அக்கா தண்ணி சொல்லப் போனப்ப."

"நீயா?" என்றாள் பட்டாசு. அதற்குமேல் அவளுக்கே வெடிக்கவில்லை.

அதிகாரி பேனா மூடியைக் கடித்தார். "எப்ப பாத்தீங்க முதல்ல?"

பொய் சொல்ல இன்னும் ஓர் இடம் இருந்தது. வகுப்பன்று காலைதான் பார்த்தேன் என்றால் முடிந்தது. அந்த இடத்தை அவள் பார்த்தாள். பார்த்துக்கொண்டே கடந்து போனாள்.

"வகுப்புக்கு எட்டு நாள் முன்னாடி. வகுப்பு முடிஞ்சு இப்ப நாலு நாள். பன்னெண்டு நாள் சார்."

"பன்னெண்டு நாளா," என்று அவர் மெதுவாகச் சொன்னார். பிறகு வரைபடத்தைப் பார்த்தார். அவள் புள்ளியை அல்ல. பக்கத்துப் புள்ளியை.

ஓரகத்தியும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வயலுக்கு எல்லாரும் நடந்தே போனார்கள். மழை விட்ட வரப்பு வழுக்கியது. அதிகாரி முன்னால், டீச்சர் கையில் செல்போனோடு பின்னால், நடுவில் குடைக்காரி. ஓரகத்தி கடைசியில் வந்தாள். ஒவ்வொரு நாளும் இருவரும் சேர்ந்தே நடக்கிற வரப்பு அது. இத்தனை நாளில் முதல்முறையாக அவள் காலடிச் சத்தம் தனக்குப் பின்னால் தூரத்தில் கேட்டது.

அதிகாரி குனிந்து குனிந்து பார்த்தார். ஒரு செடியைத் தட்டினால் மாவு உதறியது போல வெள்ளை ஈ எழும்பியது. குடைக்காரியின் வயலில் ஐந்தாம் வரிசையிலிருந்து பன்னிரண்டாம் வரிசை வரை சுருண்டிருந்தது. மற்றவை சுருளவில்லை. ஆனால் அந்தப் பச்சைக்கு இனி அர்த்தமில்லை என்று அவளுக்கே தெரிந்திருந்தது. பிறகு அவர் வரப்பைத் தாண்டி ஓரகத்தியின் வயலில் இறங்கினார். முதல் வரிசையில் ஒன்று. இரண்டாம் வரிசையில் நாலு. மூன்றாம் வரிசையில் ஒவ்வொரு செடியாகப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். இங்கே சுருள் இல்லை என்பதற்கான ஆட்டம் அது.

"இவங்க துண்டு முழுசும் எடுத்தாகணும். இன்னிக்கே. உங்களுது பாதுகாப்புக்கு வரப்போர அஞ்சு வரிசை," என்று ஓரகத்தியிடம் சொன்னார். "மத்த இருபது பேரும் ரெண்டு வாரத்துக்குத் தினமும் போட்டோ அனுப்பணும். அவங்கவங்க வயல்ல நின்னு. இந்தத் தடவை ஓட்டையையும் சேத்துப் பாப்பேன்." டிராக்டர்காரனுக்குப் போன் போட்டுத் திரும்பிப் போகச் சொன்னார். பட்டாசு முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். சந்தோஷமா அழுகையா என்று பார்க்கிறவர்களுக்குப் புரியவில்லை.

எப்படி எடுப்பது என்பதை டீச்சர் காட்டினாள். செடிமேல் பெரிய பிளாஸ்டிக் பையைக் கவிழ்க்க வேண்டும். அடித்தண்டில் கயிற்றால் கட்ட வேண்டும். பிறகுதான் பிடுங்க வேண்டும். இல்லாவிட்டால் ஈ பறந்து அடுத்த வயலில் உட்கார்ந்துகொள்ளும். செல்போனில் பேசும்போது இருக்கிற கணீர் குரல் அவளிடம் இல்லை. மேலிடத்திலிருந்து அவளுக்கு இரண்டு அழைப்புகள் வந்தன. இரண்டையும் எடுக்காமல் மூன்றாவது செடிக்குப் பையைக் கவிழ்த்தாள்.

குடைக்காரி ஒரு முனையிலிருந்து தொடங்கினாள். ஓரகத்தி தன் வயலில், வரப்புக்கு அந்தப்பக்கம். நடுவில் இருந்தது இரண்டு முழம். "அக்கா" என்று கூப்பிட இரண்டு முறை வாயெடுத்தாள். இரண்டு முறையும் அடுத்த செடிக்குப் பையைக் கவிழ்த்தாள்.

மத்தியானத்துக்குச் சற்று முன்னால் மூத்தாரின் மோட்டார் சைக்கிள் வாய்க்கால் மேட்டில் வந்து நின்றது. செய்தி அவருக்கு முன்பே போயிருந்தது. இறங்காமல் ஒரு காலை மட்டும் தரையில் ஊன்றிக்கொண்டு வெறுமையாகிக்கொண்டிருந்த துண்டைப் பார்த்தார்.

"சொன்னேனா இல்லையா?" என்றார். யாரிடம் என்று குறிப்பிடவில்லை. "அவ கைய வச்சா இப்படித்தான் ஆகும். நாளன்னிக்கு ஏர் விட்டு நான் எடுத்துக்கறேன். முடிஞ்சுது விளையாட்டு."

குடைக்காரி கையிலிருந்த செடியோடு நிமிர்ந்தாள். கேட்டு வாங்கியது அவள். கெடுத்ததும் அவள். பையில் அடைபட்ட ஈக்கள் உள்பக்கம் மோதுகிற சிறு சத்தம் கேட்டது.

"ஒரு சீசன்னு சொன்னது யாரு?"

ஓரகத்தியின் குரல்தான். குனிந்த தலையை அவள் நிமிர்த்தவில்லை. கயிற்றை இறுக்கிக்கொண்டேதான் கேட்டாள்.

"அதான் சீசன் போச்சே!"

"பயிர்தான் போச்சு. சீசன் முடிய இன்னும் நாலு மாசம் கிடக்கு. ரெண்டு வாரம் நிலத்தை ஆறப்போட்டுட்டுச் சோளம் போடலாம்னு ஆபீசரே சொல்லிட்டுப் போறாரு. சோளத்துக்கு இந்த நோய் வராதாம். அவ போடுவா."

மூத்தார் சிரிக்கப் பார்த்தார். முழுதாக வரவில்லை. "உன் அஞ்சு வரிசைக்குக் கொள்ளி வச்சதே அவதான். பன்னெண்டு நாள் பாத்துக்கிட்டு வாய மூடிக்கிட்டு இருந்திருக்கா. அவளுக்கு நீ வக்காலத்தா?"

"அது எனக்கும் அவளுக்கும் உள்ளது. அத நாங்க பாத்துக்கறோம்," என்றாள் ஓரகத்தி. "இது நிலத்தப் பத்தின பேச்சு. பேச்சுன்னா பேச்சு. மாத்தினா நாளைக்கு உங்க பேச்ச நான் எதுக்கு நம்பணும்?"

காற்று இல்லை. மோட்டார் சைக்கிளின் சூட்டில் ஏதோ டிக் டிக் என்று அடித்துக்கொண்டது. மூத்தார் வாய்க்காலைப் பார்த்தார், பட்டாசைப் பார்த்தார். பட்டாசு அவரைத் திருப்பிப் பார்த்த பார்வையில் ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி ஒன்று பற்றவைக்கத் தயாராக இருந்தது. அவர் வண்டியைத் திருப்பினார். "நாலு மாசம். அதுக்கு மேல ஒரு நாள் கிடையாது," என்று முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னார்.

சத்தம் தேய்ந்து போகும் வரை குடைக்காரி நின்றாள். பிறகு வரப்பருகே வந்தாள்.

"அக்கா..."

"பேசாத."

ஓரகத்தி இன்னும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கமாட்டாள் என்று குடைக்காரிக்குத் தெரிந்தது. இன்றைக்கு மட்டும் இல்லை, சோளம் முளைத்து இடுப்பளவு வருகிற வரைக்கும்கூடப் பார்க்காமல் போகலாம். ஐந்து வரிசையில் இரண்டுதான் முடிந்திருந்தது. மூன்றாவதின் முதல் செடியில் காய்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. ஓரகத்தி அதைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டுப் பையைக் கவிழ்த்தாள். பிறகு, பார்வையைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு, வரப்பைத் தாண்டிக் குரலை மட்டும் அனுப்பினாள்.

"உன் பை கிழிஞ்சிருக்கு. வேற எடு."